ராசாத்தி வரவு

என் புருசனின் கால்களில் ஒரு குறையும் இல்லை. எலும்பு முறியவில்லை, வீக்கம் இல்லை, புண் இல்லை. ஆனால் நடந்து வரும்போது வாசற்படி கிட்டினால் போதும், இரண்டு பாதமும் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். மேல் உடம்பு முன்னுக்குப் போகத் துடிக்கும், கால் வராது. இழுத்தாலும் விழுவார், தள்ளினாலும் விழுவார். முதல் தடவை ரோட்டில் விழுந்து மூக்கு உடைந்தபோது, வினாயகமூர்த்தி பகலிலேயே தண்ணி போட்டுவிட்டார் என்று சந்திக் கடையில் ஒருவன் சொன்னானாம். வாழ்நாளில் கள்ளைக்கூட வாயில் வைக்காத மனிதர். சொன்னவனின் வீட்டு வாசலில் போய் நின்று நான் கேட்ட கேள்விக்குப் பிறகு அவன் எங்கள் தெருவால் வருவதை விட்டுவிட்டான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதை மறைத்து என்ன செய்ய, எங்கள் ஊர் சித்தாண்டி முழுக்கத் தெரிந்த விசயம்.

ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்றார். மூளை போடுகிற கட்டளை காலுக்குப் போய்ச் சேரவில்லையாம். குளிசை தந்தார். கை நடுக்கம் குறைந்தது, கால் ஒட்டுவது நிற்கவில்லை. அதற்குப் பிறகு உடற்பயிற்சிக்கு ஷாகிரா என்ற பிள்ளையிடம் அனுப்பினார்கள். ஓட்டமாவடிப் பிள்ளை, பொறுமைசாலி. அவள் தரையில் வெள்ளைக் கோடுகள் கீறி, ஒவ்வொன்றாகத் தாண்டச் சொன்னாள். அவர் தாண்டினார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"வீட்டுக்குள்ள கோடு கீறலாம், றோட்டு முழுக்கக் கீற ஏலாதே அம்மா" என்றாள் ஷாகிரா. "தாளமும் இப்பிடித்தான் வேலை செய்யும். ஐயாட உடம்புல ஊறின தாளம் ஏதும் இரிக்கா?"

"தாளமா? மகள், இந்த மனிசன் கூத்தாடி" என்றேன்.

"அப்ப அதைச் சொல்லிப் பாருங்க. கால் தன்ட பாட்டுல வரும்."

அன்று பின்னேரம் வீட்டு முற்றத்தில் நின்று நான் தாளம் சொன்னேன். எங்கள் ஊரில் கூத்துத் தாளம் தெரியாத பெண் கிடையாது. தொட்டிலில் கிடக்கும்போதே மத்தளச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வாசற்படியில் ஒட்டிப்போய் நின்றவரைப் பார்த்து, "தாம் தகதிகதா தெய்யத் தெய்" என்று ராசாவின் வரவைச் சொன்னேன். கூத்துக் களரிக்குள் ராசா முதன்முதல் நுழையும்போது அடிக்கிற தாளம் அது. கேட்டால் கிடையில் கிடப்பவனும் எழும்புவான். அவர் அசையவில்லை. சரி, ராசா கூடிப்போச்சு, மந்திரிக்குச் சொல்லிப் பார்ப்போம் என்று மந்திரிக்குச் சொன்னேன். பிறகு வேடனுக்கும் சொன்னேன். எனக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"புஸ்பம், நீ ஆருக்குச் சொல்றாய்?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்குத்தான். வேற ஆருக்கு?"

"நான் எப்ப ராசா ஆடினனான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓம், இவர் ஒருநாளும் ராசா ஆடியதில்லை. ஆடிய காலமெல்லாம் ராசாத்திதான். கிட்டத்தட்ட நாற்பது வருசமாக ஒரே பாயில் படுக்கிற எனக்கு அது அயத்துப்போயிருந்தது. ஆண்பிள்ளை நடக்க ராசா தாளம்தான் வேண்டும் என்று என் புத்தி முந்திக்கொண்டுவிட்டது.

அந்த நாளில் கூத்தில் பெண் வேடமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். ஒல்லியான பையனாகப் பார்த்து, குரலும் மென்மையாக இருந்தால், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அவனுக்குச் சேலையைக் கொடுத்துவிடுவார். இவருக்கு இருபது வயதில் ராசாத்தி கிடைத்தது. நான் பாயில் இருந்து பார்த்தேன். ராசாத்தி வந்த வரவு இருக்கிறதே, வலக்கையில் லேஞ்சி என்கிற பட்டுக் கைக்குட்டையை விரித்துப் பிடித்து, இடக்கை இடுப்பில், தோள் ஒரு மயிரிழை ஆடாமல், பாதம் மட்டும் நிலத்தைத் தடவித் தடவி வரும். தலையில் நிறைகுடம் வைத்தாலும் தளம்பாது. என் பக்கத்தில் இருந்த கிழவிகள்கூட வெற்றிலையை மெல்லாமல் பார்த்தார்கள். நான் நடந்தால் வயல் வட்டைக்குள் எருமை இறங்கின மாதிரி இருக்கும் என்று அம்மா ஏசுவாள். ஒரு ஆம்பிளை இப்படி நடக்கிறானே என்று எனக்குப் பொறாமையும் வந்தது, மற்றதும் வந்தது. கட்டினால் இந்த ராசாத்தியைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றேன்.

கலியாணத்துக்குப் பிறகு அவர் அதை மூடி மறைக்கத் தொடங்கினார். நெல்லு ஆலையில் மூட்டை இறக்கப் போனால், "ராசாத்தி, இடுப்பு நோகப்போகுது" என்று பொடியன்மார் விசில் அடிப்பார்களாம். மீசையை வளர்த்தார். சும்மா மீசை இல்லை, இரண்டு பக்கமும் முறுக்கின மீசை. கையை அகட்டி, கிடைத்த இடமெல்லாம் தனக்கே என்ற மாதிரி நடந்தார். கூத்துக்குக் கூப்பிட்டால் வயல் வேலை என்றார்.

ஆனால் உடம்பு பொய் சொல்லாது. எங்கள் வட்டை ஆற்றுக்கு அக்கரையில். விதைநெல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தோணியில் எழும்பி நிற்பார், தோணி ஆடும், இவர் ஆடமாட்டார். மழைக்குச் சறுக்குகிற வரம்பில் மற்றவர்கள் கையை விரித்துக் கூத்தாடிக்கொண்டு வர, இவர் பாதத்துக்கு முன்னால் பாதம் வைத்து, பார்வையைத் தூரத்தில் நிறுத்தி, தோளை அசைக்காமல் சர்ரென்று வந்துவிடுவார். அது என்ன நடை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஒருநாளும் கதைத்ததில்லை.

இப்போது வாசற்படியில் ஒட்டி நின்றவரின் முகத்தைப் பார்த்தேன். பிறகு கொடியில் கிடந்த லேஞ்சியை எடுத்து அவரின் வலக்கையில் வைத்தேன்.

"வேணாம்" என்றார்.

"தெய்யா தெய் தக, தெய்யா தெய் தக" என்று ராசாத்தியின் வரவைத் தொடங்கினேன்.

இரண்டாவது தடவை சொல்லும்போது வலது பாதம் வழுக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தது. பின்னால் இடது வந்தது. படியைத் தாண்டினார், முற்றத்தைத் தாண்டினார், கிணற்றடியில் கிறுகித் திரும்பி வந்தார். முறுக்கு மீசையோடு சாரம் கட்டிய ராசாத்தி. நான் சிரித்தேன், அழுதேன், தாளத்தை மட்டும் விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. கேற்றைப் பார்த்து, "அதைச் சாத்து, ஆராவது வரப்போறாங்க" என்றார்.

அதோடு அது வீட்டுக்குள் நடக்கிற நடையாகிப் போனது. கேற் சாத்தியிருந்தால் கிணற்றடிக்குப் போவார், சாமி அறைக்குப் போவார். ரோட்டுக்கு வரச் சொன்னால் வரமாட்டார். முருகன் கோயில் கொடியேறியது, தேர் ஓடியது, இவர் உள்ளே இருந்து மணிச் சத்தத்தைக் கேட்டார். ஊர் சிரிக்கும் என்பார். சிரிக்கிற ஊர் சோறு போடுமா என்று நான் கத்துவேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் மகள் கம்சாயினிக்குச் சம்பந்தம் சரிவந்தது. அவளுக்கு வாழைச்சேனையில் வேலை. அங்கே மின்சார வேலை செய்கிற மதுஷன் என்ற பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. மாங்கேணிப் பிள்ளை, தகப்பனின் பேர் கோணாமலை, வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவர். நல்ல ஆட்கள் என்று விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் போய் மாப்பிள்ளை கேட்க வேண்டும். தட்டோடு போய், அந்த வீட்டு வாசலில் நின்று, பெண்ணின் தகப்பன் தன் வாயால் கேட்க வேண்டும்.

என் தம்பி உதயரூபன் வந்து நின்று ஒரு திட்டம் சொன்னான். "அத்தானுக்குக் கால் முறிஞ்சு போச்செண்டு சொல்லுவம் அக்கா. நான் தாய்மாமன்தானே, நான் கேட்கிறன். அத்தான் அங்க வந்து அப்பிடி ஒட்டிக்கொண்டு நிண்டா, பரம்பரை வருத்தமோ எண்டு அவங்க பயப்பிடுவாங்க. இல்லாட்டி அந்தப் பொம்பிளை நடை நடந்தா, மறுகா பிள்ளைட கதை முடிஞ்சிது."

"உதயன் சொல்றதுதான் சரி" என்றார் இவர்.

கம்சாயினி எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள். போகும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

"சரி, நீங்க வராதீங்க. அவங்க கேட்பாங்க, பிள்ளைக்குத் தகப்பன் இல்லையா எண்டு. என்ன சொல்ல? இரிக்கிறார், மீசைக்குக் காவல் இரிக்கிறார் எண்டு சொல்லவா?"

தம்பி எழும்பிப் போய்விட்டான். இவர் அன்று சாப்பிடவில்லை. நானும் கெஞ்சவில்லை. எனக்கும் ரோசம் இருக்கிறது. அடுத்தநாள் காலையில் கூப்பிட்டார். "வேட்டியைத் தோய்ச்சு மடி. வாறன். ஆனா உதயன் கையைப் பிடிச்சுக் கூட்டிப் போகட்டும். தாளம் ஒண்டும் நீ அங்க சொல்லப்படாது."

ஓம் என்றேன். வாய்தானே, என்னவும் சொல்லும்.

நல்ல நாள் பார்த்து வான் பிடித்துப் போனோம். வழக்கப்படி மகள் வீட்டில் நின்றாள். வெளிக்கிடும்போது தகப்பனின் சேட்டுப் பொத்தானை அவள்தான் பூட்டிவிட்டாள். ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டும்வரை தம்பி ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான்: அத்தான் இப்படி இறங்க வேண்டும், இப்படிச் சாய வேண்டும், ஆரும் கேட்டால் முழங்கால் வலி. இவர் யன்னலால் கடலோரப் பனைகளையே பார்த்துக்கொண்டு இருந்தார்.  மடியில் கிடந்த அவர் கைமேல் நான் என் கையை வைத்தேன்.

மாங்கேணியில் வீட்டுக்குக் கிட்ட வான் போகவில்லை. மணல். ரோட்டோரம் நிறுத்திவிட்டு வளவுக்குள் நடக்க வேண்டும். பெரிய வளவு, ஒரு பக்கம் வலை காயப்போட்டிருந்தது. எங்களைக் கண்டதும் கதிரைகளில் இருந்தவர்கள் எழும்பினார்கள். வாசலில் கோணாமலையும் மனைவியும் நின்றார்கள். சொந்தக்காரர் இரண்டு பக்கமும் வேலி மாதிரி நின்றார்கள். அத்தனை கண்ணும் எங்கள்மேல்.

தம்பி கையைப் பிடிக்க, இவர் இறங்கினார். கொஞ்சத் தூரம் நன்றாகத்தான் போனார். நான் முருகா முருகா என்று தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். முற்றத்து நடுவில் போய்க் கால் ஒட்டிக்கொண்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. தம்பி அவசரப்பட்டு இழுத்தான். மேல் உடம்பு சாய்ந்தது. நான் ஓடிப்போய்ச் சேட்டைப் பிடித்திராவிட்டால் மணலில் முகம் குப்புற விழுந்திருப்பார். வலைப் பக்கம் நின்ற ஒருவர் மற்றவரின் காதுக்குள் என்னவோ சொன்னார். குடி என்ற சொல்லாகத்தான் இருக்கும். மாப்பிள்ளையின் தாய் தன் புருசனின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், என் பிள்ளையின் வாழ்க்கை இந்த மணலோடு போச்சு என்று நினைத்தேன்.

கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டேன். அவர் காதோரம் மெதுவாக, "தெய்யா தெய் தக" என்றேன். கடற்காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. பாதம் அசையவில்லை. வருவது வரட்டும் என்று குரலைத் திறந்தேன். மாங்கேணிக் கடற்கரைக்கே கேட்டிருக்கும். பாதம் வந்தது. ஆனால் அவர் அதை ஒளித்து நடக்கப் பார்த்தார். இடுப்பை இறுக்கி, ஆம்பிளை நடை மாதிரிக் காட்ட நினைத்து, காலைக் குறுக்கிக் குறுக்கி வைத்தார். அது ராசாவும் இல்லை, ராசாத்தியும் இல்லை, கோழி திருட வந்தவன் நடை. வலைப் பக்கத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். கேட்கத் தக்க சிரிப்பு.

அவர் நின்றார். இந்தத் தடவை கால் ஒட்டவில்லை, அவராக நின்றார். எனக்கு அது தெரிந்தது. நானும் வாயை மூடினேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

இவர் தம்பியின் கையிலிருந்து தன் கையை எடுத்தார்.

"புஸ்பம்."

"என்ன?"

"வரவுத் தாளத்தை இப்பிடி அவசரப்பட்டுக் கலைச்சுக்கொண்டா சொல்றது? ஆறுதலாச் சொல்லு. முழுசாச் சொல்லு."

சேட்டுப் பைக்குள் இருந்து லேஞ்சியை எடுத்து உதறி விரித்தார். அதை எப்போது வைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் வைக்கவில்லை. இடக்கையை இடுப்பில் வைத்தார். நெஞ்சு நிமிர்ந்தது. நான் தட்டைத் தம்பியின் கையில் திணித்துவிட்டு, இரண்டு கையையும் தட்டித் தாளத்தை எடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்ததை எப்படிச் சொல்ல? என் புருசன் வந்தார். மணலில் பாதம் தடவிப் போன இடம் கோடு கீறின மாதிரிப் பிசகாமல் விழுந்தது. தோள் ஆடவில்லை. கை நடுக்கம் எங்கே போனதோ தெரியாது, லேஞ்சி மட்டும் காற்றில் ஆடியது. நேரே வாசலுக்குப் போகாமல் வளவை வட்டமாகச் சுற்றினார். எங்கள் களரி வட்டமானது, நாலு பக்கமும் சனம் இருக்கும், வரவு ஆடுகிறவர் நாலு பக்கத்துக்கும் முகம் காட்ட வேண்டும். ஒரு பக்கத்தை விட்டால் அந்தப் பக்கத்தாரை அவமதித்த மாதிரி. இவர் ஒருவரையும் விடவில்லை. சிரித்தவர்களுக்கு முன்னால் போய் நின்று, கிறுகி, ஒரு பாதம் முன்வைத்துத் தலையை மெல்லத் தாழ்த்தினார். அவர்களில் வயதான ஒருவர் தன்னை அறியாமலே கும்பிட்டார். முறுக்கு மீசையோடு ஒரு ராசாத்தி, அறுபது வயதைத் தாண்டிய ராசாத்தி. என் கண்ணுக்கு இருபது வயதில் கண்டதைவிட வடிவாக இருந்தது. இந்த மனிதரைத்தான் நான் ஒற்றைக்காலில் நின்று கட்டினேன் என்று அந்தச் சனம் முழுவதற்கும் கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் தாளம் தப்பும் என்று அடக்கிக்கொண்டேன்.

வாசலுக்கு முன்னால் வந்து நிலை எடுத்து நின்றார். நானும் தாளத்தை முத்தாய்ப்பு வைத்து நிறுத்தினேன்.  அலை அடிப்பது கேட்டது.

கோணாமலை இவரை மேலும் கீழும் பார்த்தார். கடலில் நின்று கறுத்த முகம், சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கூத்தில் ஆர் வரவு ஆடி வந்தாலும், கட்டியகாரன் முன்னால் வந்து, வந்தவர் ஆர் என்று கேட்பான். வந்தவர் தன் நாட்டையும் பேரையும் சொல்ல வேண்டும். மாங்கேணியிலும் கூத்து உண்டுதானே. அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு படி இறங்கி, கட்டியகாரன் நிற்கிற மாதிரியே நின்று, உரத்துக் கேட்டார்.

"வந்திரிக்கிறது ஆர்?"

 இந்த வருத்தம் வந்தபிறகு இவரின் குரல் அடங்கிப்போய்விட்டது. பக்கத்தில் இருக்கிற நானே இரண்டு தடவை கேட்டுத்தான் விளங்கிக்கொள்வேன். அதோடு அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். இன்ன தேசத்து ராசாத்தி வந்தேன் என்று ஆடிய நாளெல்லாம் பாடிய பதில். அதைச் சொல்லிவிடுவாரோ, சொன்னால் மறுபடி சிரிப்பார்களோ என்று பயந்தேன்.

அவர் மூச்சை அடிவயிற்றில் இருந்து இழுத்தார். வலைப் பக்கத்துக்கும் ரோட்டோரம் நின்ற வானுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"கம்சாயினிட அப்பா வந்திரிக்கிறன். மாப்பிள்ளை கேட்டு வந்திரிக்கிறன்."

மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோணாமலை துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டார். வாசலை விட்டு ஒதுங்கி நின்று கையைக் காட்டினார்.

"உள்ளுக்கு வாங்க, சம்மந்தி."

அங்கே படி இருந்தது. உயரமான படி. இவர் அதைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். தம்பி பின்னால் நின்று, "அக்கா, சொல்லு" என்றான்.

அழுதுகொண்டே சொன்னேன். தாளம் தப்பவில்லை.